ஏறாவூர் வந்து சேர்ந்த குதிரை இரத்தம்

பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் ஏறாவூர்ப் பக்கத்து வயற்காரருக்கு மூன்று பயம்: மழை, யானை, பாம்பு. மழையை எதுவும் செய்ய முடியாது. யானைக்கு வெடி இருக்கிறது. பாம்புக்கு ஊசி இருக்கிறது. உன்னிச்சைப் பக்கத்து வாடியில் காவல் கிடப்பவருக்கும், கரடியனாற்றில் வரம்பு செதுக்குபவருக்கும், வைத்தியசாலைக்குப் போனால் அந்த ஊசி கிடைக்கும் என்று தெரியும். ஊசி ஏறும்போது சிலருக்கு உடம்பு முழுக்கத் தடித்துச் சொறியும், சிலருக்கு மூச்சு இழுக்கும், சிலருக்கு நடுக்கல் காய்ச்சல் வரும் என்பதும் தெரியும். அந்த மருந்து எந்த வழியாக இங்கு வந்தது, ஏன் அது காப்பாற்றும் கையாலேயே அடிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த வழி நெடுகிலும் குதிரை நிற்கிறது. அதைவிட அடிக்கடி நாய் நிற்கிறது.

முதலில் குப்பியைப் பார்ப்போம். விரலளவு கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளையாய் உலர்ந்த ஒரு கட்டி. தாதி அதற்குள் 10 மில்லிலீட்டர் சுத்திகரித்த நீரைச் செலுத்தி, குலுக்காமல், இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டிக் கரைப்பார். குலுக்கினால் நுரை தட்டிவிடும், ஏனெனில் உள்ளே இருப்பது புரதம். ஒரு நோயாளிக்குப் பத்துக் குப்பி, சில வேளை இருபது. எல்லாவற்றையும் சேலைனில் கலந்து நாளத்தில் ஏற்றுவார்கள். பக்கத்திலேயே இன்னொரு சிறிஞ்சில் அட்ரினலின் எடுத்து வைத்திருப்பார்கள். மருந்து கொடுப்பதற்கு முன்பே மருந்துக்கு மருந்து தயாராகும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கும் மேலான கதை உண்டு.

ஊசிக்கு முன்பு மாத்திரை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் தஞ்சாவூர் மாத்திரைக்குப் பெரிய பேர். பாஷாணம் சேர்ந்த மருந்து அது, எந்தப் பாம்புக்கும் கேட்கும் என்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கை ஆய்வாளராய் 1785இல் பொறுப்பேற்ற பற்றிக் ரசல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் அதைச் சோதிக்க முடிவு செய்தார். அலெப்போவில் பல வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு, தம்பியோடு விசாகப்பட்டினம் வந்து இறங்கிய மனிதர் அவர். நாய்களையும் கோழிகளையும் பாம்புக்குக் கடிக்கக் கொடுத்து, என்னென்ன குறி எவ்வளவு நேரத்தில் தோன்றுகிறது என்று குறித்துவைத்தார். மாத்திரையில் நம்பத்தக்க பலன் எதையும் அவர் காணவில்லை. 1796இல் வெளிவந்த அவருடைய பாம்பு நூலில் படமாய்க் கிடந்த விரியன் ஒன்று மறுவருடமே அவருடைய பெயரைச் சூடிக்கொண்டது. நம் கண்ணாடி விரியனின் விஞ்ஞானப் பெயரில் இன்றும் ரசல் இருக்கிறார். அந்தப் பெயருக்குக் கீழே எத்தனை நாய்கள் செத்தன என்று யாரும் எழுதுவதில்லை.

மாத்திரைக்கு அடுத்தது கல். பாம்புக்கல் வணிகம் கீழைக் கடல் முழுக்க நடந்தது. பாதிரிமார் அதை இத்தாலிவரை கொண்டுபோனார்கள். 1854 மார்ச்சில் மட்டக்களப்புக்கு மேற்கே, பிந்தனைக் காட்டுப் பாதையில் குதிரையில் போன அரசாங்க அதிகாரிகள் சிலர், நாகம் பிடித்துக்கொண்டு வந்த தமிழர் ஒருவர் கடிபட்டதையும், கூட வந்தவர் கறுப்பான இரண்டு கற்களைக் கடிவாயில் ஒட்டி அவரைத் தேற்றியதையும் கண்டார்கள். கொழும்பில் குடியேற்ற நாட்டுச் செயலாளராய் இருந்த எமர்சன் டெனன்ட் இதைத் தமது 1859ஆம் வருட இலங்கை நூலில் விரிவாகவே எழுதினார். எழுதியதோடு விடாமல் அப்படியான கல்லொன்றை லண்டனில் மைக்கேல் ஃபரடேயிடம் கொடுத்தார். மின்சாரத்தை ஆராய்ந்த அதே ஃபரடேதான். கருக்கிய எலும்புத் துண்டு என்று பதில் வந்தது. எலும்பைச் சுட்டால் கல் தயார் என்பதால், பார்த்துச் செய்பவர்களுக்குக் குறைவே இல்லை. இன்றும் சந்தையில் அது கிடைக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் கல்லோடு போய், அதற்குப் பிறகு வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் கல் விஷத்தை உறிஞ்சாது.

மாத்திரையும் கல்லும் வெளியிலிருந்து விஷத்தை வெல்லப் பார்த்தவை. உடம்புக்குள்ளிருந்தே வெல்லலாம் என்ற எண்ணம் 1890இல் பெர்லினில் பிறந்தது. எமில் பேரிங், ஜப்பானிலிருந்து வந்த கித்தசாத்தோ ஷிபசபுரோ இருவரும், ஏற்புவலி நஞ்சைச் சிறிது சிறிதாய்க் கொடுத்துப் பழக்கிய விலங்கின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீரை) இன்னொரு விலங்குக்கு ஏற்றினால் அதற்கும் காப்பு கிடைக்கிறது என்று காட்டினார்கள். பிறபொருளெதிரிகளைக் கடன் வாங்கும் வைத்தியம் அங்கேதான் தொடங்கியது.

மறுவருடம் ஒரு வெள்ளம் வந்தது. 1891இல் மீகொங் கழிமுகத்தில் பக் லியூவுக்கு அருகே ஒரு கிராமத்துக்குள் வெள்ளத்துக்குத் தப்பிய நாகங்கள் கூட்டமாய் நுழைந்தன. நாற்பது பேருக்குக் கடி, நால்வர் இறந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பாம்புகளைப் பிடித்து ஒரு பீப்பாயில் அடைத்தார். அந்தப் பீப்பாய் சைகோனில் புதிதாய்த் திறந்திருந்த பாஸ்டர் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பொறுப்பாளர் அல்பேர் கல்மெத்துக்கு அப்போது வயது இருபத்தெட்டு. பெரியம்மைத் தடுப்பூசி, நாய்க்கடி மருந்து என்று வேறு வேலைக்கு வந்தவர். பீப்பாய் வராதிருந்தால் அவர் பாம்பின் பக்கம் திரும்பியிருப்பாரோ தெரியாது. 1894இல், பாரிசில் ஃபிசாலிக்சும் பெர்த்திராங்கும் பிரெஞ்சு விரியனை வைத்து அதே முடிவுக்கு வந்த அதே காலத்தில், கல்மெத்தும் பாம்பு விஷத்துக்கு எதிரான சீரத்தை அறிவித்தார். பின்பு பிரான்சின் லீல் நகரில் குதிரைகளை வைத்து அதைப் பெருமளவில் தயாரித்தார்.

அவர் செய்த பிழை ஒன்றுண்டு. நாகத்துக்கு எதிராய்ச் செய்த சீரம் எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று சொன்னார். உலகமெங்கும் அதை வாங்கினார்கள். பிரேசிலில் வித்தல் பிராசில், தன் நாட்டுப் பாம்புகளிடம் அது செல்லாது என்று கண்டு, அந்தந்தப் பாம்புக்கு அந்தந்தச் சீரம் வேண்டும் என்றார். சாவோ பாலோவின் புட்டாண்டான் நிலையம் அந்த வாதத்திலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் ஜோர்ஜ் லாம் என்ற இராணுவ வைத்தியர், கல்மெத்தின் சீரம் கண்ணாடி விரியன் விஷத்தை அணுவளவும் தடுக்கவில்லை என்று நிறுவினார். நாகத்தின் விஷம் நரம்பைப் பிடிக்கும். விரியனின் விஷம் இரத்தத்தைப் பிடிக்கும். லீலில் செய்த மருந்து கரடியனாற்று வயலுக்கு உதவாது என்று அன்றே தெளிவாகிவிட்டது. இன்று வரும் இந்திய மருந்து கரடியனாற்றுக்கு எவ்வளவு உதவும் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இதற்கிடையில் சீர வைத்தியத்தின் மறுபக்கம் வெளிப்படத் தொடங்கியிருந்தது. 1896இல் பெர்லினில் நோயியல் பேராசிரியர் லாங்கர்ஹான்ஸின் குழந்தைக்குத் தொண்டைக் கரப்பான் சீரம் முற்காப்பாகப் போடப்பட்டது. நல்ல சுகமாயிருந்த குழந்தை சில நிமிடங்களில் இறந்தது. மருந்தே கொன்றது என்று தகப்பன் பத்திரிகையில் அறிவித்தார். ஐரோப்பா அதிர்ந்தது. ஆனால் ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை ஓர் உல்லாசக் கப்பலிலிருந்து வந்தது. மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேர் கடலாய்வில் பைத்தியம். 1901 கோடையில் தமது கப்பலில் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு உடலியலாளரை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் போனார். நீலமாய் மிதக்கும் ஒரு வகைச் சொறிமுட்டையின் நூலிழை பட்டால் மாலுமிகள் துடித்துப் போவதற்கு என்ன காரணம் என்று பார்க்கச் சொன்னார். பாரிசுக்குத் திரும்பியபின் அந்தச் சொறிமுட்டை கிடைக்கவில்லை. கைக்கு எட்டிய கடல் அனிமனியின் நஞ்சை எடுத்து நாய்களில் தொடர்ந்தார்கள். சிறு அளவு கொடுத்துப் பழக்கினால், பேரிங்கின் விலங்குகளைப் போல நாயும் தாங்கப் பழகும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு.

நெப்டியூன் என்பது ஒரு நாயின் பெயர். 1902 ஜனவரியில் கொடுத்த ஊசியை அது பொருட்படுத்தவே இல்லை. சில கிழமை கழித்து, பெப்ரவரியில், நல்ல திடமாயிருந்த அதே நெப்டியூனுக்கு மறுபடி சிறிதளவே கொடுத்தார்கள். சில வினாடிகளில் மூச்சு வாங்கியது. நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. வயிற்றோட்டம், இரத்த வாந்தி. இருபத்தைந்து நிமிடத்தில் போய்விட்டது. நஞ்சு அதைக் கொல்லவில்லை, அளவு அதற்குப் போதாது. முதல் ஊசியை நினைவில் வைத்திருந்த அதன் சொந்தக் காப்பே கொன்றது. அந்த நிலைக்கு அனபிலாக்சிஸ் என்று ரிஷே பெயரிட்டார். தாகூர் இலக்கிய நோபல் பெற்ற 1913இல் மருத்துவ நோபல் ரிஷேவுக்குக் கிடைத்தது. போர்த்தியேவுக்குக் கிடைக்கவில்லை. நெப்டியூனின் பெயர் மட்டும் பாடநூல்களில் தங்கியது, அதிலாவது எனக்கு ஓர் ஆறுதல்.

இதில் ஒரு நுட்பம் மனிதருக்கும் நாய்க்கும் வேறுபடும். அனபிலாக்சிஸ் வந்தால் மனிதருக்கு முதலில் குரல்வளையும் நுரையீரலும் மாட்டிக்கொள்ளும். நாய்க்கு ஈரல் மாட்டிக்கொள்ளும். ஈரலிலிருந்து வெளியேறும் நாளங்கள் இறுகி, இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கிவிடும். ஆகவே சீரம் ஏறும் நாயில் மிருக வைத்தியர் எதிர்பார்க்கும் அடையாளம் மூச்சிழுப்பு மட்டுமல்ல. திடீர் வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், வெளிறிய ஈறு, சரிந்து விழுதல். நெப்டியூன் காட்டிய அதே குறிகள். இரத்தம் உறையாத விரியன் கடி நாயில் இது இன்னும் குழப்பமாகும். வாயால் வரும் இரத்தம் விஷத்தாலா, மருந்தாலா என்று நிமிடங்களுக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

வியன்னாவில் குழந்தை வைத்தியர்களான பிர்க்கேயும் ஷிக்கும் 1905இல் மற்றொரு துண்டைப் பொருத்தினார்கள். சீரம் போட்ட குழந்தைகள் சிலருக்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தது. குதிரைப் புரதத்தை உடம்பு அந்நியன் என்று அடையாளம் கண்டு அதற்கெதிராய்த் தன் பிறபொருளெதிரிகளைத் தயாரிக்க எடுக்கும் காலம் அது. ஊசி போட்டு வீட்டுக்குப் போனவருக்குப் பத்தாம் நாள் முழங்கால் வீங்கினால் பலர் அதைப் பாம்பின் மிச்ச விஷம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது சீர நோய். வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டியது.

அனபிலாக்சிசுக்கு மாற்று மருந்தும் நாய் வழியாகத்தான் வந்தது. 1893-94 குளிர்காலத்தில் ஜோர்ஜ் ஒலிவர் என்ற ஆங்கில வைத்தியர், சிறுநீரகத்தின் மேல் குந்தியிருக்கும் சுரப்பியின் சாற்றை எடுத்துக்கொண்டு லண்டனில் ஷேஃபர் என்ற பேராசிரியரிடம் போனார். ஷேஃபர் அப்போது ஒரு நாயின் இரத்த அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தார். நம்பிக்கையில்லாமலே சாற்றைச் செலுத்திப் பார்த்தார். பாதரசக் குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சாறுதான் பின்பு நியூயோர்க்கில் ஜோக்கிச்சி தக்கமீனே 1901இல் படிகமாய்ப் பிரித்த அட்ரினலின். சீரம் அறிவிக்கப்பட்ட அதே பருவத்தில், அதன் கோபத்தை அடக்கும் பொருளும் இன்னொரு நாட்டில் வேறு காரணத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றுக்கு மற்றது வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் சீரம் தயாரிப்பு இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் வேரூன்றியது. நாகமும் கண்ணாடி விரியனும் முதல் இரு எதிரிகள். பின்பு பம்பாய் ஹாஃப்கின் நிலையம் எண்ணெய் விரியனையும் சுருட்டை விரியனையும் சேர்த்து நான்கு பாம்புக்கும் ஒரே மருந்தாக ஆக்கியது. 1940களிலிருந்து இன்றுவரை அந்த நால்வர் பட்டியல் மாறவில்லை.

கண்ணாடி விரியனின் விஷம் இதற்கிடையில் தனியாகவும் ஊர் சுற்றியது. இரத்தத்தை உறைய வைக்கும் பத்தாம் காரணியை அந்த விஷம் நேரே தூண்டும். கடிபட்ட உடம்பில் உறைபொருளெல்லாம் வீணாய்ச் செலவாகி, பிறகு உறையவே பொருள் இல்லாமல் போவது இதனால்தான். 1934இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையின் பாம்பு அதிகாரி பர்ஜஸ் பார்னெட்டும், மக்ஃபார்லேன் என்ற இளம் வைத்தியரும் அந்த விஷத்தை மிகவும் நீர்த்து, பல் பிடுங்கிய காயத்தில் இரத்தம் நிற்காத ஹீமோஃபீலியா நோயாளிக்கு வைத்தார்கள். இரத்தம் நின்றது. பரோஸ் வெல்கம் கம்பெனி அதை ஸ்டிப்வென் என்ற பெயரில் விற்றது. 1986இல் தியாகராஜன், பெங்கோ, ஷாப்பிரோ என்ற மூவர் அதே நீர்த்த விஷத்தை வைத்து, உடம்பே தன் இரத்த உறைவைக் குழப்பும் லூப்பஸ் நோய்ப் பிறபொருளெதிரியைக் கண்டறியும் சோதனையை வகுத்தார்கள். பெரிய ஆய்வுகூடங்களில் அது இன்றும் அன்றாட வேலை. வயலில் கொல்லும் அதே விஷம் ஆய்வுகூடத்தில் இரத்த நோய்க்குச் சாட்சி சொல்கிறது.

விஷம் வேண்டுமென்றால் பாம்பு வேண்டும். தமிழ்நாட்டில் இருளர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிகளுக்கு விற்றார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அந்தத் தொழிலை மூடியது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், மண்பானைகளில் பாம்புகளைச் சில கிழமை வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, காட்டில் திரும்ப விடுகிறார்கள். தோலுக்காகக் கொன்ற கை விஷத்துக்காக உயிரோடு விடுகிறது. அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உலர்த்திய விஷம் அங்கிருந்து மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும். அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாய் ஏற்றப்படும். குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து பிறபொருளெதிரியைப் பிரித்து, பெப்சின் என்ற நொதியால் அதன் வாற்பகுதியை வெட்டி நீக்குவார்கள். தேங்காயை உரித்து மட்டையை வீசுவது போல, ஒவ்வாமையைத் தூண்டும் பாகத்தை வீசிவிட்டு விஷத்தைப் பிடிக்கும் பாகத்தை வைத்துக்கொள்வது நோக்கம். 1930களின் இறுதியில் இங்கிலாந்தில் போப் என்பவர் காட்டிய வழி அது. அப்படியும் குதிரையின் சாயல் முற்றாய்ப் போவதில்லை. தயாரிப்பில் நுண்ணுயிர் நச்சு சிறிது கலந்துவிட்டால் நடுக்கல் காய்ச்சல் வேறு.

இலங்கை தன் பாம்புக்கடி ஊசியை இந்தியாவிலிருந்துதான் இறக்குகிறது. தென்னிந்திய விரியனின் விஷத்துக்குச் செய்த மருந்து நம் விரியனிலும் வேலை செய்கிறது, ஆனால் குப்பிக் கணக்கு கூடுகிறது. குப்பி கூடினால் குதிரைப் புரதமும் கூடும். மேல்நோக்கிய மூக்குள்ள சின்னக் குழிவிரியன், சிங்களத்தில் குணகட்டுவா எனப்படுவது, இங்கு மிகுதியாய்க் கடிக்கிற பாம்புகளில் ஒன்று. அது அந்த நால்வர் பட்டியலிலேயே இல்லை. 2016இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இலங்கையில் வருடம் 80,000 பேருக்குப் பாம்பு கடிக்கிறது, 30,000 பேருக்கு மேல் விஷம் ஏறுகிறது, நானூறுக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. இத்தனை பேருக்கான மருந்து கடலுக்கு அப்பாலுள்ள பாம்புகளை வைத்துச் செய்யப்படுகிறது.

இந்த ஊசியின் பக்கவிளைவு பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு இலங்கை வார்டுகளிலிருந்து வந்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வாவும் சகாக்களும் 1,007 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை 2011இல் வெளியானது. நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு எதிர்விளைவு வந்தது. வந்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்குக் கடுமையாய் வந்தது. பத்தில் ஒன்பது ஒரு மணித்தியாலத்துக்குள் தோன்றியவை. ஊசிக்கு முன்பே தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தவர்களுக்குக் கடும் விளைவு முதல் மணித்தியாலத்தில் நூற்றுக்கு 43 வீதம் குறைந்தது. அதுவரை எல்லோரும் நம்பிக் கொடுத்த புரோமெதசினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் தடுக்கவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பலனும் போனது. நாடெங்கும் வழக்கமாய்ச் செய்துவந்த ஒன்றை நம் நோயாளிகளே பொய்யாக்கினார்கள். விளைவு இவ்வளவு அடிக்கடி வந்தாலும், வார்டில் விழித்திருக்கும் தாதியும் தயாராயிருக்கும் சிறிஞ்சும் அதைச் சமாளித்துவிடுகிறார்கள். ஊசிக்குப் பயந்து வீட்டில் கிடப்பவரைத்தான் சமாளிக்க முடியாது.

யாருக்கு ஊசி வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் சோதனைக்கு மின்சாரம்கூட வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் சில மில்லிலீட்டர் இரத்தத்தை எடுத்து, அசையாமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்பார்கள். கட்டியாய் நின்றால் சரி. தண்ணீராய் ஓடினால் விரியன் விஷம் இரத்தத்தைப் பிடித்திருக்கிறது. கழுவின குழாயில் சவர்க்காரம் ஒட்டியிருந்தாலும் உறையாது, பிளாஸ்டிக்கிலும் சரிவராது. அதனால்தான் அந்தக் கண்ணாடிக் குழாயைத் தாதிமார் அவ்வளவு கவனமாய் வைத்துக்கொள்கிறார்கள்.

வயலில் கடிபடுவது மனிதர் மட்டுமல்ல. வாடி நாய் பாம்பைக் கண்டால் விலகாது, மூக்கை நீட்டும். கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழும். அதற்கும் அதே இந்தியக் குப்பிதான். இங்கே ஒரு கணக்கைப் பலர் பிழையாய்ப் போடுகிறார்கள்: நாய் சிறிது, ஆகவே மருந்தும் சிறிது போதும் என்று. பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. விஷத்தின் அளவுக்குத்தான் குப்பி. விலையையும், மனிதருக்கே தட்டுப்பாடு வரும் நாட்களையும் நினைத்தால் பல நாய்கள் அரைகுறை மருந்தோடு போராட வேண்டியிருப்பது விளங்கும். ஒரு தடவை பிழைத்த நாய் இரண்டாம் தடவை கடிபட்டு வரும்போது அபாயம் வேறு. அதன் உடம்பு குதிரைப் புரதத்தை அறிந்துவைத்திருக்கும். நெப்டியூனின் பெப்ரவரி அதற்கும் வரலாம். முன்பு ஊசி போட்டிருந்தால் மிருக வைத்தியரிடம் முதல் வார்த்தையாய் அதைச் சொல்ல வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீரம் ஓடும் திசையே திரும்பியது. 1981இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் போல் இம்பாக் என்ற குழந்தை வைத்தியர், தன் இரத்தத் தட்டுகளைத் தானே அழிக்கும் நோயுள்ள குழந்தைகளுக்கு, ஆயிரக்கணக்கானோரின் இரத்ததானத்திலிருந்து திரட்டிய பிறபொருளெதிரியை ஏற்றினால் தட்டுகள் ஏறுகின்றன என்று காட்டினார். மிருக வைத்தியர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். நாய்களுக்கும் தன் சிவப்பணுவைத் தானே உடைக்கும் நோய் உண்டு. உண்ணி கொண்டுவரும் பபேசியாவும் அதைக் கிளப்பிவிடும். ஈறு வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம் போலாகும் அந்த நாய்களுக்கு 1990களிலிருந்து மனித இம்யூனோகுளோபுலின் கொடுக்கப்படுகிறது. குதிரையிலிருந்து மனிதருக்கு வந்தது மனிதரிலிருந்து நாய்க்குப் போனது. பழைய பிரச்சினையும் கூடவே போனது: நாயின் உடம்புக்கு மனிதப் புரதம் அந்நியம். ஒரு தடவை தாங்கும், மறு தடவை அனபிலாக்சிஸ் வரலாம் என்பதால் திரும்பக் கொடுக்கத் தயங்குவார்கள். ஆரோக்கியமான பீகிள் நாய்களில் செய்த ஆய்வொன்றில் அது இரத்தத்தை உறையும் பக்கம் சாய்த்தது. இந்த நோயில் நாய்கள் பெரும்பாலும் இரத்தக் கட்டியால்தான் சாகின்றன, ஆகவே அது சின்ன விஷயமல்ல.

பாம்பு ஊசிக்குத் திரும்பினால், நமக்கென்று ஒரு மருந்து செய்யும் முயற்சிகளும் நடந்தன. 1990களின் இறுதியில் பிரித்தானியக் கம்பெனி ஒன்று இலங்கை விரியன் விஷத்துக்கு எதிராய்ச் செம்மறியாட்டில் தயாரித்த மருந்து இங்கு நோயாளிகளில் பார்க்கப்பட்டது, நிலைக்கவில்லை. பின்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தார் சேர்ந்த குழு இலங்கைப் பாம்புகளின் விஷத்தை உலகின் மறுகோடிக்கு, கோஸ்டாரிக்காவின் குளொடொமிரோ பிகாடோ நிலையத்துக்கு அனுப்பியது. அந்த மருந்தின் ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வந்தன. குணகட்டுவாவையும் சேர்த்த மருந்து அது. நம் நாட்டுப் பாம்புக்கு மத்திய அமெரிக்கக் குதிரை பாடம் படித்தது.

குதிரையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து டிம் ஃப்ரீட் என்பவர் பதினெட்டு வருடம் அளவில் தன் உடம்பிலேயே பாம்பு விஷத்தை ஏற்றியும், வேண்டுமென்றே கடிபட்டும் பழகியவர். யாரும் செய்யக்கூடாத வேலை. ஆனால் அவருடைய இரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு பிறபொருளெதிரிகளும், வரெஸ்பிளாடிப் என்ற ஒரு மருந்தும் சேர்ந்த கலவை, நாகமும், பெயரில் மட்டும் விரியனான எண்ணெய் விரியனும் அடங்கிய குடும்பத்தின் 19 பாம்பு விஷங்களில் பதின்மூன்றுக்கு எலிகளை முழுமையாகவும், மற்ற ஆறுக்கு ஓரளவும் காத்தது என்று 2025 மேயில் அறிவித்தார்கள். மனிதப் பிறபொருளெதிரி என்பதால் மனித உடம்பு அதை அந்நியமாய்ப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. அடுத்த சோதனை ஆஸ்திரேலியாவில், பாம்புக்கடியோடு மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் நாய்களில் நடத்தத் திட்டமிட்டிருப்பதாய்ச் சொன்னார்கள். இந்தத் தடவை நாய் ஆய்வுகூடக் கூண்டிலிருந்து வராது, வீட்டு முற்றத்திலிருந்து நோயாளியாய் வரும். ஆனால் மனிதருக்குச் சொந்தமான அந்தப் புரதம் நாய்க்கு மறுபடியும் அந்நியம்தான். கலவையும் விரியன் குடும்பத்துக்குச் செல்லாது. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டைக்கும் குணகட்டுவாவுக்கும் அதே ஆய்வாளர்கள் தனியாக வேறொரு கலவையைத் தேடுகிறார்கள்.